கருவியியக்கிகளும் குறுக்கீட்டுக் கொடிகளும்

கணிப்பொறியின் உள்ளே நிகழும் தொழில்களுள் கண்ணுக்குப் புலனாகாதனவே பெரும்பான்மையாம். விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்திய அளவில் அது திரையில் தோன்றுகின்றது. வலைக்கம்பி வழியாக வந்த செய்தி உரிய இடத்தைச் சென்று சேர்கின்றது. வட்டில் எழுதுக என்று ஏவியது எழுதப்படுகின்றது. இவற்றை நாடோறும் கண்டு பழகிய நாம், இவை நிகழும் முறையை எண்ணிப் பார்ப்பது அரிது. இவையனைத்திற்கும் அடிப்படையாய் நிற்பது குறுக்கீடு என்னும் ஏற்பாடு. அவ்வேற்பாட்டைப் பயன்படுத்துங்கால், கருவியியக்கியை எழுதுவோர் இயக்க முறைமைக்குச் சில கொடிகளை உயர்த்திக் காட்டுதல் வேண்டும். அக்கொடிகள் யாவை, அவற்றின் பொருள் யாது, அவை பொய்ப்பின் விளையும் கேடு யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு லினக்ஸ் என்னும் இயக்க முறைமையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அம்முறைமையின் மூலநிரல் முழுவதும் யாவரும் படிக்கக் கிடைப்பதாகும். ஆதலின், யாம் கூறுவதை ஐயுறும் மாணவர் அந்நிரலையே திறந்து நோக்கித் தெளிதல் கூடும்.

குறுக்கீடு என்பது யாது?

செயலி பல கருவிகளோடு தொடர்புகொள்ளுதற்கு இரு வழிகள் உள. ஒன்று, ஒவ்வொரு கருவியிடமும் மாறி மாறிச் சென்று, 'உனக்கு யாதேனும் வேண்டுமோ?' என்று வினவிக்கொண்டேயிருத்தல். மற்றொன்று, தன் தொழிலைத் தான் செய்துகொண்டிருந்து, வேண்டியபோது கருவியே தன்னை அழைக்குமாறு விடுதல். அரசன் வீடுதோறும் சென்று குறை கேட்பதற்கும், அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியைக் கட்டிவைப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவாம். மணி ஒலித்தவுடன் அரசன் கைவேலையை நிறுத்தி எழுந்து வருகின்றான்; குறையைத் தீர்த்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றான். அவ்வாறே, கருவி குறுக்கிட்டவுடன் செயலியானது நடந்துகொண்டிருக்கும் நிரலின் நிலையைக் குறித்துவைத்து, அக்கருவிக்குரிய கையாளி என்னும் சிறு நிரற்பகுதிக்குத் தாவி, அது முடிந்ததும் முன்னை இடத்திற்கு மீள்கின்றது.

இவ்வேற்பாட்டின் நன்மை வெளிப்படை. இடரோ மறைந்து கிடக்கின்றது. குறுக்கீடு எந்த நொடியில், நிரலின் எந்த இரு கட்டளைகளுக்கு இடையில் வருமென்று ஒருவராலும் முன்னறிந்து கூற இயலாது. எனவே, இதில் நேரும் பிழை நூறு முறை தோன்றாதிருந்து நூற்றோராம் முறை தோன்றும், தேடுங்கால் மறைந்துவிடும். நெதர்லாந்து நாட்டறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்பார், எலெக்ட்ரோலாஜிக்கா எக்ஸ் 1 என்னும் பொறியிற் குறுக்கீட்டை ஆளும் நிரலை எழுதி, அப்பொருள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1959-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஓடவிட்டுப் பார்த்தல் பிழையுண்மையைக் காட்டுமேயன்றிப் பிழையின்மையைக் காட்டாது என்பது அவர் பிற்காலத்தில் இடையறாது வற்புறுத்திய கொள்கை. குறுக்கீட்டோடு பழகியவர்க்கு அக்கொள்கையின் உண்மை எளிதில் விளங்கும்.

ஒரு சொல், மூன்று பொருள்

இத்துறையிற் கொடி என்னுஞ் சொல் மூன்று பொருள்களில் வழங்குகின்றது. அவற்றை ஒன்றோடொன்று மயக்குதல் தொடக்க மாணவர்க்கு இயல்பாதலின் முதலில் வகுத்துக்கொள்வோம். முதலாவது, செயலியினுள்ளேயே அமைந்த கொடி. இரண்டாவது, அக்கொடியின் நிலையைச் சிறிது நேரம் குறித்துவைத்தற்கு நிரலாசிரியன் அமைத்துக்கொள்ளும் மாறி. மூன்றாவது, கையாளியைப் பதிவு செய்யுங்கால் கெர்னல் என்னும் முறைமையின் கருப்பகுதிக்கு இயக்கி தெரிவிக்கும் கொடிகள். முதல் இரண்டையும் சேர்த்து நோக்கி, மூன்றாவதனை விரித்துரைப்போம்.

இண்டெல் வழிவந்த செயலிகளில், கொடிப் பதிவகத்தின் 9-ஆம் எண்ணுள்ள பிட் குறுக்கீட்டுக் கொடி எனப்படும். சுழியம் முதலாக எண்ணும் முறையில் இது 9 என்று அறிக. அது 1 ஆயின் செயலி அழைப்புக்குச் செவிகொடுக்கும். 0 ஆயின், விலக்கவொண்ணாத சில அழைப்புகள் நீங்கலாக ஏனையவற்றைக் காத்திருக்கச் செய்யும். இதனைச் சி.எல்.ஐ. என்னுங் கட்டளை தாழ்த்தும், எஸ்.டி.ஐ. என்னுங் கட்டளை உயர்த்தும்.

இதனைத் தாழ்த்த வேண்டுவது எப்போது? இயக்கி ஒன்று ஒரு பட்டியலைத் திருத்துதற்பொருட்டு அதற்குப் பூட்டிட்டிருக்கின்றது என்று கொள்வோம். திருத்தம் முடியுமுன் அதே செயலியிற் குறுக்கீடு வருகின்றது. கையாளியும் அதே பட்டியலைத் தொட விரும்பிப் பூட்டுத் திறக்கும்வரை காத்து நிற்கின்றது. பூட்டியவனோ கையாளி முடிந்தாலன்றித் தொடர இயலான். கையாளியோ அவன் திறந்தாலன்றி முடியாது. இருவரும் ஒருவரையொருவர் எதிர்நோக்கி ஊழிக்காலம் வரை நிற்க, செயலி அசைவற்றுப் போகின்றது. ஆதலாற் பூட்டிடுமுன் குறுக்கீட்டுக் கொடியைத் தாழ்த்துதல் இன்றியமையாதது. அங்ஙனந் தாழ்த்துதல் அவ்வொரு செயலியையே தடுக்கும்; பிற செயலிகளினின்று காப்பது பூட்டேயாம். எனவே இரண்டும் ஒருங்கே வேண்டும்.

இனி, திருத்தம் முடிந்தபின் கொடியை உயர்த்திவிடலாமோ எனின், ஆகாது. நம் நிரலை அழைத்தவனே தன் தேவைக்காக முன்னரே அதனைத் தாழ்த்தியிருத்தல் கூடும். நாம் கண்மூடி உயர்த்திவிடின், அவன் தன்னைக் காவலுக்குள் இருப்பதாக எண்ணித் தொழில் செய்ய, காவலோ நீங்கிப்போயிருக்கும். ஆகவே, முன்னிருந்த நிலையை ஒரு மாறியிற் குறித்துவைத்து, முடிவில் அந்நிலைக்கே மீட்டல் முறை. ஸ்பின் லாக் ஐ.ஆர்.க்யூ. சேவ் என்னும் செயற்கூறு ஃப்ளாக்ஸ் என்னும் மாறியை வேண்டி நிற்பது இதற்கேயாம். பிறர் இல்லத்துட் புகுந்தவன், வாயிற்கதவை எந்நிலையிற் கண்டானோ அந்நிலையிலேயே விட்டுச் செல்லும் ஒழுக்கம் இது.

பதிவுக் கொடிகள்

மூன்றாவது வகைக்கு வருவோம். ரிக்வெஸ்ட் ஐ.ஆர்.க்யூ. என்னுஞ் செயற்கூற்றின் வாயிலாக இயக்கியானது ஐந்து செய்திகளைக் கெர்னலுக்கு அறிவிக்கின்றது: குறுக்கீட்டின் எண், கையாளியின் முகவரி, கொடிகள், பெயர், அடையாளம் என்பன. கொடிகள் யாவும் ஒரே எண்ணுள் அடங்குவன; ஒவ்வொன்றும் இரண்டன் மடியாக அமைந்திருத்தலின், பலவற்றைச் சேர்த்தாலும் பிரித்தறிதல் எளிது. மின்னழுத்தம் ஏறும் விளிம்பில் அழைப்பு எனின் 1. இறங்கும் விளிம்பில் எனின் 2. உயர்நிலையில் எனின் 4. தாழ்நிலையில் எனின் 8. தடத்தைப் பிறரோடு பகிர இசைவு எனின் 128. தாழ்நிலையில் அழைப்பதும், தடத்தைப் பகிர்வதுமாகிய கருவிக்கு 136 என்னும் எண் கெர்னலைச் சென்று சேரும்.

இவற்றுட் பகிர்வுக் கொடியே ஆழ்ந்து ஆராயத்தக்கது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியில் 8259 என்னும் சில்லு ஒன்று இருந்தது. அதற்கு எட்டு அழைப்புத் தடங்களே உண்டு. 1984-இல் வந்த ஏ.டி. என்னும் பொறியில் இரு சில்லுகள் பிணைக்கப்பட்டன. பிணைப்புக்கு ஒன்று போக 15 தடங்கள் எஞ்சின. காலமணி, விசைப்பலகை, வட்டுகள் என்பன தத்தமக்குரியவற்றைக் கொண்டபின், புதிதாய் வருங் கருவிக்கு இடங்காண்பது அரிதாயிற்று. பகிர்ந்துகொள்ளலாமோ எனின், அப்பொறிகளின் அழைப்பு விளிம்பு வகையினது. ஒரு கருவி தடத்தை உயர்த்தி நிற்கும்போதே மற்றொன்றும் உயர்த்துமாயின் புதிய விளிம்பு தோன்றாது. இரண்டாவதன் அழைப்பு கேளாமலே போகும்.

1992-இல் வெளிவந்த பி.சி.ஐ. என்னும் ஏற்பாடு இக்குறையை நீக்கியது. அதன் நான்கு அழைப்புத் தடங்கள் தாழ்நிலை வகையின. எந்தக் கருவியும் தடத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கலாம். பிடித்தவை அனைத்தும் விட்டாலன்றி அது மேலெழாது. முதற் கருவியின் குறை தீர்ந்தபின்னும் இரண்டாவது பிடித்துக்கொண்டிருப்பின், செயலி மீண்டும் அழைக்கப்படும். எனவே ஒருவர் அழைப்பும் வீணாவதில்லை. ஆயினும் ஒரு வினா எழுகின்றது: மணி ஒலித்தது கேட்டது, ஒலித்தவர் யாவர்?

கெர்னல் அதனை அறியாது. ஆதலின், அத்தடத்திற் பதிந்துள்ள கையாளிகள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கின்றது. ஒவ்வொரு கையாளியும் தன் கருவியின் நிலைப் பதிவகத்தைப் படித்து, தன்னுடையதாயின் 'கையாண்டேன்' என்றும், அன்றாயின் 'என்னுடையதன்று' என்றும் விடை பகர்தல் வேண்டும். பகிர்வுக் கொடியை உயர்த்துபவன் உண்மையில் மூன்று வாக்குறுதிகளை அளிக்கின்றான். முதலாவது, அழைத்தது தன் கருவியா அன்றா என்று ஐயமின்றி அறியவும், அறிந்ததை மெய்யாகக் கூறவும் வல்லன் என்பது. இரண்டாவது, பதிவு செய்த நொடிமுதல் எந்நேரத்தும் அழைக்கப்பட ஆயத்தமாயிருக்கின்றான் என்பது. மூன்றாவது, பதிவை நீக்குமுன் தன் கருவியை வாயடக்கிச் செல்வான் என்பது.

இரண்டாம் வாக்குறுதியையே மாணவர் மறப்பது மிகுதி. 'என் கருவியை இன்னும் முடுக்கவில்லை. எனவே என் கையாளி அழைக்கப்படாது' என்று எண்ணிப் பதிவை முதலிற் செய்து, தரவமைப்புகளைப் பின்னர் அமைப்பார் உளர். அண்டையிலுள்ள கருவி அழைத்தாலும் இவர் கையாளி ஓடும். ஓடி, இன்னும் உருப்பெறாத நினைவிடத்தைத் தொட்டுப் பொறி முழுவதையும் வீழ்த்தும். கருவி உறங்கிக்கிடக்கும் நிலையிலும் இத்தகைய இடர் உண்டு. மின்னொழிந்த பி.சி.ஐ. கருவியின் பதிவகத்தைப் படிப்பின், எல்லாப் பிட்டுகளும் 1 ஆகவே விடை வரும். அதனை ஆராயாத கையாளி, 'என் கருவிக்கு எல்லாக் குறைகளும் ஒருங்கே வந்தன' என்று மயங்கி, அண்டையார் அழைப்பைத் தனதென்று கூறிவிடும்.

பொய் விடையின் பயன்

லினக்ஸின் 2.6-ஆம் பதிப்பு 2003-இல் வெளிவருமுன், கையாளிகள் யாதொரு விடையும் கூறாமலே மீண்டன. விடை கூறும் வழக்கம் வந்தபின் கெர்னலுக்குக் காவல் செய்தற்கு ஒரு வழி பிறந்தது. ஒரு தடத்தில் வந்த ஒரு லட்சம் குறுக்கீடுகளுள் 99,900-க்கு மேற்பட்டவற்றை ஒருவரும் தமதென்று ஏலாராயின், 'இதனை எவரும் பொருட்படுத்தவில்லை' என்னுங் குறிப்பைப் பதிப்பேட்டில் எழுதிவிட்டு, கெர்னல் அத்தடத்தையே அடைத்துவிடுகின்றது. அடையாவிடின், ஓயாது ஒலிக்கும் அவ்வழைப்பு செயலியை வேறெத்தொழிலும் செய்யவொட்டாது.

இங்கே நிகழ்வது யாதென ஊன்றி நோக்குக. பிழை செய்தது ஓர் ஒலியட்டையின் இயக்கி. தண்டனை பெறுவதோ தடம் முழுவதும். அத்தடத்தைப் பகிர்ந்த வட்டுக்கட்டுப்பாட்டுக் கருவியின் அழைப்பும் அன்றே அடைபடும். எழுதப்பட வேண்டிய கோப்பு எழுதப்படாது நிற்கும். பயனாளன் வட்டைப் பழிப்பான். வட்டின் இயக்கியை எழுதியவனோ தன் நிரலைப் பன்முறை ஆராய்ந்தும் குற்றங் காணான். குற்றம் அவன் நிரலில் இல்லையன்றோ!

இதற்கு மறுதலையான பொய்யும் உண்டு. தன் கருவியை நோக்காமலே எப்போதும் 'கையாண்டேன்' என்று கூறும் கையாளி, கெர்னலின் மேற்கூறிய காவலைக் கெடுத்துவிடுகின்றது. பிறிதொரு கருவி பித்தேறியதுபோல் அழைத்துக்கொண்டிருப்பினும், 'யாரோ கையாளுகின்றனர்' என்றெண்ணிக் கெர்னல் வாளா இருக்கும், பொறி உறைந்துபோகும், பதிப்பேட்டில் ஒரு வரியும் தோன்றாது. முன்னைய பொய் அண்டையார் வாயை அடைத்தது. இப்பொய் காவலன் கண்ணைக் கட்டியது. இரண்டனுள் இதுவே கொடிது. ஏனெனின் முன்னையது சான்றையேனும் விட்டுச் சென்றது.

ஒரு கொடியின் வரலாறு

கொடிகள் என்றும் நிலைத்தன அல்ல. பிறந்து, வாழ்ந்து, மறைவனவும் உண்டு. டிஸேபிள்டு என்னுங் கொடியின் வரலாறு அதற்குச் சான்று. தொடக்கத்தில் எஸ்.ஏ. இன்டரப்ட் என்று வழங்கிய இது, 2006-இற் பெயர்கள் திருத்தப்பட்டபோது இப்பெயர் பெற்றது. 'என் கையாளி ஓடும்போது இச்செயலியிற் பிற குறுக்கீடுகளை ஏலாதே' என்பது அதன் பொருள். இக்கொடியை உயர்த்தாத கையாளி ஓடும்போது பிற அழைப்புகள் இடைபுகலாம்.

இதிற் குறைகள் இரண்டு இருந்தன. முதலாவது, பகிரப்பட்ட தடத்தில் முதலிற் பதிந்த கையாளியின் கொடியையே கெர்னல் நோக்கியது. எனவே பின்னர்ப் பதிந்தவன் கேட்ட காவல் அவனுக்குக் கிட்டுமென்ற உறுதியில்லை. கொடி உயர்ந்து நின்றது, பொருளோ அதனிடத்து இல்லை. இரண்டாவது, இடைபுகுந்த அழைப்பின்மேல் மற்றொன்றும், அதன்மேல் பிறிதொன்றுமாக அடுக்கப்படின், அளவிற் சிறியதாகிய கெர்னலின் அடுக்கு நினைவகம் நிரம்பி வழியும். பல வரிசைகளையுடைய வலையட்டைகள் தம் அழைப்புகளையெல்லாம் ஒரே செயலிக்கு அனுப்பியபோது இது மெய்யாகவே நிகழ்ந்தது.

ஆகவே 2010-இல் வெளிவந்த 2.6.35-ஆம் பதிப்பில், கையாளிகள் யாவும் குறுக்கீடு தடுக்கப்பட்ட நிலையிலேயே ஓடுதல் வேண்டும் என்பது பொதுவிதியாயிற்று. அதன்பின் அக்கொடி பொருளற்றதாகிச் சில ஆண்டுகள் நிரல்களில் ஒட்டிக்கொண்டிருந்து, 2015-இல் முற்றிலும் நீக்கப்பட்டது. ஒருவர் வேண்டியபோது மட்டும் கேட்கும் காவல், அனைவர்க்கும் உரிய விதியானபின், கேட்க வேண்டுவது யாது? அவ்விதிக்கு ஒரு விலையும் உண்டு: கையாளி நெடுநேரம் ஓடுமாயின், அச்செயலியை நாடும் ஏனைய கருவிகளெல்லாம் காத்து நிற்கும். எனவே கையாளி சுருங்கிய தொழிலையே செய்து, விரிந்த தொழிலைப் பின்னர் ஓடும் பகுதிக்கு விடுதல் கடமையாயிற்று.

ஏனைய இரண்டு

விரிந்த தொழிலை இழை என்னும் தனியோட்டத்திற்கு விடும் வசதி 2009-இல் லினக்ஸிற் சேர்ந்தது. அதனோடு உறவுடையது ஒன்ஷாட் என்னுங் கொடி. தொடுதிரை போன்ற சில கருவிகளை ஐ.2.சி. என்னும் மெதுவான தடத்தின் வழியாகவே அணுக முடியும்; அணுகுபவன் காத்திருக்க நேருமாதலின், உறங்கக்கூடாத கையாளி அதனைச் செய்தல் இயலாது; இழையே செய்தல் வேண்டும். அழைப்பு நிலைவகையினதாயின், இழை சென்று கருவியை அமைதிப்படுத்தும்வரை அழைப்பு நின்றுகொண்டேயிருக்கும். இடையில் தடத்தைத் திறந்துவிடின், திறந்த கணமே மீண்டும் அழைப்பு. இழை ஓடுதற்கு நேரமே கிட்டாது. 'இழை முடியும்வரை தடத்தை மூடியே வைக்க' என்பது இக்கொடியின் பொருள். முதற்கையாளி இன்றி இழையை மட்டும் பதிவு செய்பவன் இக்கொடியை மறப்பின், கெர்னல் பதிவையே பொதுவாக மறுத்துவிடும்.

நோ சஸ்பெண்டு என்பது மற்றொன்று. பொறி உறங்கும்போது கெர்னல் அழைப்புத் தடங்களை அடைக்கின்றது. 'என் தடத்தை அடைக்க வேண்டா' என்பது இக்கொடி. காலமணி போன்ற சிலவற்றிற்கே இது தகும். பகிர்ந்த தடத்தில் இதனை உயர்த்துவதோ அண்டையாரின் உறக்கத்தையும் கெடுப்பதாகும். அவர்தங் கருவிகள் உறங்கிவிட்டபின்னும் அவர்தங் கையாளிகள் அழைக்கப்படும். அட்மெல் நிறுவனத்தின் ஏ.டி.91 வகைச் சில்லுகளிற் காலமணியும் பிற கருவிகளும் ஒரே தடத்தைப் பகிர்ந்தமையால் இச்சிக்கல் எழுந்தது. 'அண்டையான் விழித்திருப்பினும் நான் பொறுத்துக்கொள்வேன்' என்று தெரிவித்தற்கெனத் தனிக்கொடி ஒன்று 2015-இற் படைக்கப்பட்டது. அண்டையார்க்காக ஒரு கொடி வேண்டியதாயிற்று என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். கெர்னல் கொடிகளின் வடிவத்தைச் சோதிக்கின்றது. பகிர்வுக் கொடியோடு அடையாளந் தாராதவனை மறுக்கின்றது. ஒரு தடத்திற் பதிவோர் பகிர்வுக்கு ஒருங்கே இசைந்தனரா, அவர்கள் கூறும் அழைப்புவகை ஒன்றேயா என்று ஒத்துப்பார்க்கின்றது. பொருந்தாதவனைப் புறத்தே நிறுத்துகின்றது. ஆயின், கொடியின் பின்னுள்ள வாக்கு மெய்யோ பொய்யோ என்பதை அது அறிய வல்லதன்று. கருவியின் இயல்பை அறிந்தவன் இயக்கியை எழுதியவன் ஒருவனே. அவன் கூறியதை நம்பியே முறைமை முழுவதும் நடக்கின்றது.

இக்காலத்துப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கருவிகள் தனித் தடமின்றி, நினைவக முகவரியொன்றில் எழுதும் செய்தியாலேயே அழைக்க வல்லன. அதனாற் பகிரவேண்டிய தேவை அவற்றிற்குப் பெரும்பாலும் ஒழிந்தது. ஆயினும் கைப்பொறிகளிலும் தொழிற்சாலைப் பொறிகளிலும் உள்ள சிறு சில்லுகளிற் பகிர்வு இன்றும் உண்டு. எனவே இப்பாடம் பழைமையானது என்று தள்ளத்தக்கதன்று.

கற்க விரும்பும் மாணவர், லினக்ஸ் ஓடும் பொறியொன்றில் ப்ராக் என்னும் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் என்னுங் கோப்பைத் திறந்து காண்க. ஒவ்வொரு குறுக்கீட்டின் எண்ணும், ஒவ்வொரு செயலியும் அதனை ஏற்ற தொகையும், பதிந்துள்ள இயக்கிகளின் பெயர்களும் அங்கே நிரல்பட நிற்கும். ஒரே வரியில் இரு பெயர்கள் காற்புள்ளியிட்டு நிற்குமாயின், அவ்விருவரும் ஒரு தடத்தைப் பகிர்வோர் என்று அறிக. பின்னர் அவ்வியக்கிகளின் மூலநிரலைத் திறந்து, கையாளியின் தொடக்க வரிகளைப் படிக்க. 'இஃது என் கருவியின் அழைப்பா?' என்னும் வினா அங்கே உளதா, 'அன்று' என்னும் விடைக்கு வழி உளதா, பதிவுக்கு முன்னரே எல்லாம் ஆயத்தமா என்னும் மூன்றையும் தேடுக. இம்மூன்றும் உள்ள இயக்கியை எழுதியவன் தன் கருவியை மட்டுமன்றித் தன் அண்டையாரையும் எண்ணி எழுதினான். நம் மாணவர் எழுதும் இயக்கிகளும் அவ்வாறே அமைதல் வேண்டும் என்பது எம் விருப்பம்.